பைலட் ஆக வயது போய்விட்டதா? வீட்டு உறுதியை எடுக்க முன் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்



ஏ.எல். பெறுபேறு வெளியானால் பாடசாலைக்கு வரும் வாப்பாமாரும் உம்மாமாரும் எங்களிடம் கேட்பது முன்பெல்லாம் இரண்டு கேள்விதான். கம்பஸ் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் என்ன படிப்பிக்கலாம்? இப்போது மூன்றாவது ஒன்றும் சேர்ந்திருக்கிறது. "சேர், மகன் பைலட் ஆகோணும் எண்டு நிக்கிறான். ரத்மலானையில போய் விசாரிச்சிட்டும் வந்தோம். வீட்ட வித்தாலும் பரவாயில்ல. செய்யலாமா?"

கிராண்ட்பாஸில் வீடு என்றால் பெரும்பாலும் ஒன்றரை பேர்ச், இரண்டு பேர்ச். மூன்று தலைமுறை அதற்குள் இருக்கும். அதை விற்பது என்றால் ஒரு குடும்பத்தின் அடியையே எடுப்பது மாதிரி. அதனால்தான் இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். இந்தத் துறையில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்களிடம் கேட்டதும், விதிகளை நாங்களே வாசித்து விளங்கிக்கொண்டதும் இதில் இருக்கின்றன.

முதலில் வயதுக் கணக்கு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, சுருக்கமாக ஐக்காவோ, வைத்த அளவுகளைத்தான் இலங்கையும் பின்பற்றுகிறது. தனியார் விமானி லைசன்ஸுக்கு 17 வயது. சம்பளத்துக்கு ஓட்டும் வணிக விமானி லைசன்ஸுக்கு 18 வயதும் 200 மணித்தியாலப் பறப்பும். அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சி என்றால் 150 மணித்தியாலம் போதும். விமானத்தின் தலைவராக, அதாவது கெப்டனாக, பெரிய பயணிகள் விமானத்தில் உட்கார வேண்டுமானால் மூன்றாவது லைசன்ஸ் வேண்டும். அதற்கு 21 வயதும் 1500 மணித்தியாலமும்.

பயிற்சிக் கல்லூரிகளின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது அந்த 200. எங்கள் பிள்ளைகளின் வாழ்க்கை நடப்பது 200க்கும் 1500க்கும் நடுவில். 200 மணித்தியாலத்தோடு வெளியே வரும் பிள்ளை கையில் லைசன்ஸ் இருக்கும், தொழில் இருக்காது. ஒரு விமான நிறுவனம் துணை விமானியாக எடுத்தால்தான் மணித்தியாலம் கூடும். மணித்தியாலம் கூடியவரைத்தான் நிறுவனம் விரும்பி எடுக்கும். நம் நாட்டில் கதவுகள் அதிகமில்லை. ஸ்ரீலங்கன், ஃபிட்ஸ்எயார், சிறிய விமானங்கள் ஓட்டும் ஓரிரு உள்நாட்டு நிறுவனங்கள், பிறகு பயிற்சிக் கல்லூரியிலேயே ஆசிரியராக நிற்பது. கடைசி வழியைச் சிலர் கேவலமாக நினைக்கிறார்கள். பறக்கப் பழக்குபவரின் லொக்புக்கிலும் மணித்தியாலம் ஏறுகிறது. படிப்பித்துக்கொண்டே படிப்பது எப்படி என்று எங்களிடம் கேட்டால் சொல்வோம்.

சல்லி விஷயத்துக்கு வருவோம். லைசன்ஸ் எடுத்து முடிக்க இன்று ஒரு கோடி ரூபாயைத் தொடுகிறது, தாண்டவும் செய்கிறது. அதற்குப் பிறகு எயார்பஸ் ஏ320 போன்ற ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி. அது டொலரில், பல்லாயிரம் டொலர். 2022இல் என்ன நடந்தது என்று யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. கட்டுநாயக்கவில் எரிபொருள் போதாமல் ஸ்ரீலங்கன் விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி எண்ணெய் அடித்துப் போன காலம் அது. பாதிப் பயிற்சியில் இருந்த பிள்ளைகளின் மிச்சக் கட்டணம் ரூபாய்க் கணக்கில் ஒரே வருடத்தில் எங்கேயோ போய்விட்டது. வீட்டை விற்றால் சல்லி ஒரு முறைதான் வரும். கட்டணம் ஒரு முறையோடு நிற்காது.

ஆகவே எங்கள் முதல் சொல்: ஒரு சதம் கட்ட முன் முதலாம் தர மருத்துவப் பரிசோதனையைச் செய்யுங்கள். அதிகாரசபை அங்கீகரித்த வைத்தியரிடம்தான் செய்ய வேண்டும். வழியில் உள்ள டிஸ்பென்சரியில் எழுதி வாங்கும் கடிதம் செல்லாது. கண்ணாடி போட்டால் பைலட் ஆக முடியாது என்று நம்மிடையே ஒரு பேச்சு இருக்கிறது. அது பிழை. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 தெரிந்தால் போதும். நிறப் பார்வைதான் பலரை வீட்டுக்கு அனுப்புகிறது. ஆண் பிள்ளைகளில் இது அதிகம், பிள்ளைக்கே தெரியாமல் இருக்கும், 20 வயது வரை ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். லட்சக்கணக்கில் கட்டிய பிறகு அதைத் தெரிந்துகொள்வதில் என்ன பிரயோசனம்?

மருத்துவம் அதோடு முடிவதும் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை, 60 கடந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். 30க்கும் 50க்கும் இடையில் குறைந்தது இரண்டு வருடத்துக்கு ஒரு ஈ.சி.ஜி., 50க்குப் பிறகு வருடா வருடம். நம் சமூகத்தில் நாற்பதைத் தொடும்போது சீனி வருத்தம் வந்து நிற்பது எல்லோருக்கும் தெரிந்ததே. குளிசையோடு கட்டுப்பட்டால் நிபந்தனைகளோடு பறக்க வழி உண்டு. இன்சுலின் ஊசி என்று வந்தால் பெரும்பாலான நாடுகளில் முதலாம் தரச் சான்றிதழ் கிடைக்காது. கணக்காளருக்குச் சீனி வந்தால் பிளேன்டியில் சீனி குறையும். கெப்டனுக்கு வந்தால் தொழிலே போகலாம். லைசன்ஸ் இழப்புக்கென்றே தனிக் காப்புறுதி இருப்பது அதனால்தான்.

இனி, உள்ளே போனவரின் ஏணி. துணை விமானிக்கு வழக்கமாகத் தோளில் மூன்று கோடு, கெப்டனுக்கு நான்கு. இந்த ஒரு கோட்டுக்கு ஐந்து வருடமும் ஆகலாம், பத்தும் ஆகலாம். திறமை குறைவென்று அர்த்தமில்லை. பல விமான நிறுவனங்களில் சீனியோரிட்டி என்று ஒரு வரிசைப் பட்டியல் இருக்கிறது. சேர்ந்த திகதிதான் அதில் உங்கள் இலக்கம். மேலே உள்ளவர் ஓய்வு பெற்றால் அல்லது கம்பனி புது விமானம் வாங்கினால் வரிசை நகரும். எந்த விமானம் ஓட்டுவது, பெருநாளுக்கு வீட்டில் இருப்பது யார், தொஹாவில் ஹோட்டல் அறையில் இருப்பது யார் என்பது வரை பல இடங்களில் அந்த இலக்கம் தீர்மானிக்கிறது. வேறு கம்பனிக்கு மாறினால் பெரும்பாலும் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். 20 வருட அனுபவம் லொக்புக்கில் அப்படியே இருக்கும், இலக்கம் மட்டும் புதிதாகத் தொடங்கும். நெருக்கடிக்குப் பிறகு நம் விமானிகள் பலர் வளைகுடா நிறுவனங்களுக்குப் போனபோது சம்பளத்தை மட்டும் எல்லோரும் பேசினார்கள். அவர்கள் விட்டுப்போன இலக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் அந்த வெற்றிடம் இங்கே வரிசையில் நின்றவர்களுக்குச் சீக்கிரம் கோடு வாங்கித் தந்ததும் உண்மை.

2009 ஜனவரியில் நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றில் எயார்பஸ் ஒன்றை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கெப்டன் சல்லன்பர்கரை எல்லோருக்கும் தெரியும். அவருக்கு அப்போது 57 வயது, ஏறக்குறைய 20,000 மணித்தியாலம். பக்கத்தில் இருந்த ஜெஃப்ரி ஸ்கைல்ஸை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அவருக்கு 49 வயது. முன்பு கெப்டனாக இருந்தவர், கம்பனி ஆட்களைக் குறைத்தபோது மறுபடி துணை விமானியானவர். ஏ320 பயிற்சியை அப்போதுதான் முடித்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயதில் மாணவனாக உட்கார்ந்து படித்துவிட்டு வந்தவர் அவர்.

அதே வருடம் அடுத்த மாதம் அமெரிக்காவின் பஃபலோ அருகே ஒரு சிறிய பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் மரணித்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணித்தியாலம் வேண்டும் என்று சட்டம் வந்தது. அதில் ஒரு வேடிக்கை. விழுந்த விமானத்தின் விமானிகள் இருவருக்குமே 1500க்கு மேல் மணித்தியாலம் இருந்தது. எண்ணிக்கை கதவைத் திறக்கும், அதற்கு மேல் அது எதற்கும் உத்தரவாதம் இல்லை.

இன்னும் பழைய ஒன்று. 1977 மார்ச் 27, டெனரிஃப் தீவு. பனிமூட்டத்தில் ஓடுபாதையிலேயே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைக்க முன் ஓடத் தொடங்கிய கே.எல்.எம். விமானத்தின் கெப்டன் அந்தக் கம்பனியின் மூத்த பயிற்சியாளர். கம்பனி விளம்பரத்திலேயே அவர் முகம் இருந்தது. மற்ற விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று பின்னால் இருந்த பொறியியலாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கெப்டன் சொன்னதும் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகுதான், மூத்தவரிடம் பிழையைச் சொல்லப் பழக்குவது விமானப் பயிற்சியின் ஒரு பாடமாகவே ஆனது. எங்களுக்கு இதை வாசிக்கும்போது சுருக்கென்றது. எங்கள் வகுப்பில் பலகையில் நாங்கள் பிழையாக எழுதினால் "சேர், அது பிழை" என்று எழும்பிச் சொல்லும் பிள்ளை எத்தனை பேர்? அப்படிச் சொன்ன பிள்ளையை நாம் உட்கார வைத்தோமா, பாராட்டினோமா? துணை விமானி ஆகும் தகுதி அங்கேதான் தொடங்குகிறது.

மேல் வயதுக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 60 வயதோடு நிறுத்தும் விதி 1959இல் போடப்பட்டு அடுத்த வருடம் நடைமுறைக்கு வந்தது. அது மருத்துவர்கள் மட்டும் தீர்மானித்ததல்ல. வயதான விமானிகளை ஜெட்டுக்குப் பழக்கும் செலவை விரும்பாத ஒரு பெரிய விமான நிறுவனத்தின் தலைவர் அதற்காகக் கடிதம் எழுதியிருந்தார். 2006 நவம்பரில் ஐக்காவோ அதை 65 ஆக்கியது, இரு விமானிகளில் ஒருவர் 60க்குக் கீழே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2014இல் அந்த நிபந்தனையும் போனது. 67 ஆக்கும் முயற்சியை 2024இல் அமெரிக்க காங்கிரஸ் ஏற்கவில்லை. (ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் சிறகு கட்டிப் பறக்க முயன்ற அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸுக்கு அப்போது 65 வயதளவில் என்று சொல்வார்கள். இறங்கும்போது முதுகில் அடிபட்டதாம். ரத்மலானைக்கு 1938இல் தபால் விமானச் சேவையை நீட்டிய டாட்டா நிறுவனத்தின் ஜே.ஆர்.டி. டாட்டா, 1982இல் தன் முதல் பயணத்தை 78 வயதில் மறுபடி ஓட்டிக் காட்டினார். பயணிகளை ஏற்றிக்கொண்டு அல்ல.)

கத்தாரில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு வந்த 28 வயது நானா ஒருவர் அண்மையில் கேட்டார், "இனி லேட்டா?" என்று. சேர்ந்தே கணக்குப் போட்டோம். இப்போது தொடங்கினால் 30, 31இல் லைசன்ஸ். வேலைக்கு ஒன்றிரண்டு வருடம் காத்தால் 33. எட்டு வருடத்தில் கெப்டன் என்றாலும் 41. ஓய்வு வரை 24 வருடம் மிச்சம். வயது அவருக்குத் தடை இல்லை. அந்த ஐந்து வருடம் வீட்டுக்குச் சம்பளம் வராது, தங்கச்சியின் கலியாணம் இருக்கிறது, அவர் வரிசையில் சேரும்போது 24 வயதுப் பிள்ளை ஒருவன் அவருக்கு ஒரு இலக்கம் மேலே இருப்பான். இந்த மூன்றையும் தாங்க முடிந்தால் போகலாம். அவர் சொந்தச் சேமிப்பில் போகிறார் என்பதால் எங்களுக்கு அவரைப் பற்றிப் பயம் குறைவு. வாப்பாவின் வீட்டை நம்பிப் போகும் 19 வயதுப் பிள்ளையைப் பற்றித்தான் பயம் கூட.

மகள் கேட்டாலும் இதே கணக்குத்தான். இந்தியாவில் நிவேதிதா பாசின் 1990இல் ஜெட் விமானக் கெப்டன் ஆனபோது வயது 26.

அவசரப்படாத பிள்ளைக்கு வேறு ஒரு வழியும் இருக்கிறது. முதலில் ஒரு பட்டமோ தொழில் தகைமையோ முடித்து, வேலை செய்து, 25இல் தொடங்குவது. மருத்துவத்தில் விழுந்தாலும் கையில் ஒன்று இருக்கும். கணிதம், பௌதிகவியல், ஆங்கிலம் மூன்றையும் அதுவரை விடக்கூடாது. ஆங்கிலத்துக்கு ஐக்காவோ தனிப் பரீட்சை வைத்திருக்கிறது. நான்காம் மட்டம் எடுத்தவர் மூன்று வருடத்துக்கு ஒரு முறை திரும்ப எழும்பிப் பேசிக் காட்ட வேண்டும்.

கல்லூரியில் சேர முன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பறக்கும் நிலையில் இன்று எத்தனை விமானம்? போன வருடம் சேர்ந்தவர்களில் 200 மணித்தியாலம் முடித்தவர் எத்தனை பேர்? இடையில் நின்றால் கட்டிய சல்லியில் எவ்வளவு திரும்ப வரும்? பிறகு லைசன்ஸ் எடுத்து வேலை கிடைக்காமல் இருக்கும் ஒருவரைத் தேடிப் பேசுங்கள், அவரும் ரத்மலானையில்தான் இருப்பார். கோட்டையில் 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் நேரே போகலாம். மழையில்லாத ஒரு வார நாளில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய், காலை முழுக்க எத்தனை பயிற்சி விமானம் மேலே ஏறுகிறது என்று இருவரும் சேர்ந்து எண்ணிவிட்டு வாருங்கள்.