தளபதியின் மேலங்கி

எங்கள் இல்லத்தில் தையற்பொறி ஒன்றே. அதனை இயக்குவோர் இருவர். உடன்பிறந்த எங்களில் மூத்தவருக்கு 2009ஆம் ஆண்டு முதல் முடக்குவாதம். விரல் மூட்டுகள் வீங்கிக் கோணியதால் துணியை நேராகச் செலுத்த இயலாது. கால்கள் மட்டும் இன்றளவும் சொன்னபடி கேட்கின்றன. இளையவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீரிழிவு. கைகள் நலமாயுள்ளன, பாதங்களில் உணர்ச்சி இல்லை. மிதிப்பது பொறியின் மிதிப்பலகையா, வெறுந்தரையா என்பது குனிந்து பார்த்தாலன்றித் தெரியாது. ஆகவே மூத்தவர் பக்கத்தில் முக்காலியிட்டு மிதிக்க, இளையவர் துணியைச் செலுத்துவது வழக்கமாயிற்று. "நிறுத்து அக்கா" என்னும் சொல்லுக்கும் ஊசி நிற்பதற்கும் இடையே மூன்று தையல் கூடுதலாக விழுந்துவிடும். அவற்றைப் பிரிப்பதும் எங்கள் அன்றாட அலுவல்களுள் ஒன்று.

நாங்கள் வாழ்வது தக்கலைக்கு அருகே ஒரு சிற்றூர். மூத்தவர் தையலாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், மணம் செய்துகொள்ளாதவர். இளையவர் கணவரை இழந்தபின் இங்கு வந்து சேர்ந்தவர். எங்களுடன் முதுமை எய்திய நாட்டு நாய்கள் இரண்டு: பதினான்கு வயது வீரன், பன்னிரண்டு வயது பொன்னி. காலையில் நால்வருள் எவரும் உடனே எழுவதில்லை. மூத்தவரின் விரல்கள் மடங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். வெந்நீரில் கைகளை அமிழ்த்திக்கொண்டிருப்பார். வீரன் முன்னங்கால்களை ஊன்றி, பின்னங்கால்களுக்காகக் காத்திருப்பான். அவன் எழுந்துவிட்டால் தாமும் எழலாம் என்பது மூத்தவரின் கணக்கு.

1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம், 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டதை வாசகர்கள் அறிவர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஊர் இளைஞர்கள் நால்வர் எங்கள் திண்ணைக்கு வந்தனர். அடுத்த சனவரியில் புனிதரின் வரலாற்றை நாடகமாக நடிக்கவிருந்தனர். "டீச்சர், வாடகைக்கு எடுக்கும் உடையில் ஏரோது மன்னனும் டச்சுத் தளபதியும் ஒரே மாதிரி இருக்கிறார்கள். நீங்கள்தான் தைத்துத் தர வேண்டும்" என்றனர். மூத்தவர் தம் கைகளை நீட்டிக் காட்டினார். அவர்கள் பார்த்துவிட்டு, "மெதுவாகத் தையுங்கள் டீச்சர், ஐந்து மாதம் இருக்கிறதே" என்றனர். இளமைக்கு ஐந்து மாதம் நெடுங்காலம் அன்றோ!

வேலையைக் கணக்கிட்டபோது வியப்புற்றோம். நீலகண்டன் என்னும் பெயரோடு பிறந்த அந்த அரண்மனை அலுவலருக்குத் தைக்க வேண்டியது ஏறத்தாழ ஒன்றுமில்லை. அரையில் முண்டு, தோளில் ஒரு துணி. இரண்டும் தறியிலிருந்து வந்தபடியே உடுத்துவன. நம் மேடைகளில் மார்த்தாண்ட வர்மருக்கு வெல்வெட்டும் சரிகையும் பூட்டி வியர்க்க வைக்கிறோமே, அது நாடகக்காரர் கண்ட கோலம். மூத்தவர் இதனைச் சொல்லி மன்னருக்கும் முண்டே போதும் என்றபோது மன்னராக நடிக்கவிருந்தவரின் முகம் வாடிற்று. இறுதியில் ஒரு சரிகைத் துப்பட்டாவுக்கு உடன்பட்டோம்.

ஊசி தேவைப்பட்டது தளபதி டிலனாய்க்கு. 1741ஆம் ஆண்டு குளச்சல் போரை அடுத்துச் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சி அளித்தவர். தேவசகாயத்துக்குக் கிறித்துவின் நெறியை எடுத்துரைத்தவர். 1777இல் இறந்த அவருடைய கல்லறை, எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள உதயகிரிக் கோட்டையில், இலத்தீனும் தமிழும் பொறித்த கல்லோடு இன்றும் இருக்கிறது. தைக்கத் தொடங்குமுன் ஒரு மாலை ஆட்டோவில் அங்குச் சென்று வந்தோம். உடையைப் பற்றிக் கல்லறை என்ன சொல்லும்? எனினும், யாருக்குத் தைக்கிறோமோ அவரைப் பார்த்துவிட்டு வருவது தையற்காரர் வழக்கம்.

அக்கால ஐரோப்பியரின் மேலங்கியைப் பற்றி மூத்தவர் தம் பழைய நூல்களில் தேடிப் படித்தார். கழுத்துப்பட்டை இல்லை, இருந்தாலும் மிகச் சிறியது. முழங்கால் வரை நீளம். இடுப்புக்குக் கீழே இரு பக்கமும் விசிறிபோல் மடிப்புகள்; அவை விறைத்து நிற்க உள்ளே கான்வாஸ். மணிக்கட்டில் அகன்று மடிந்த கைப்பட்டி. அதனுள் நீண்ட உள்ளங்கி. முழங்காலோடு முடியும் காற்சட்டை. முதுகுத் துண்டோ மிகக் குறுகலானது. அணிந்தவர் தோள்களைப் பின்னுக்கு வாங்கி, நெஞ்சை நிமிர்த்தி நிற்க வேண்டியதுதான். படைத்தலைவனின் மிடுக்கில் பாதி தையற்காரன் கொடுத்தது. ஐரோப்பாவில் இதனைக் கம்பளியில் தைத்தார்கள். நம் ஊர் வெக்கைக்கு அது தண்டனை. கருநீல டிரில் துணி 4½ மீட்டரும், உட்புறத்துக்குக் காடாவும் வாங்கினோம்.

வெட்டுவதற்குத் தரையைவிட்டால் வேறு இடமில்லை. இளையவர் துணியைச் சுற்றி நடந்து குண்டூசிகளைக் குத்தினார். மாலையில் வீரன் அவருடைய பாதத்தை விடாமல் நக்கிக்கொண்டிருந்தான். அன்பு மிகுந்துவிட்டது என்று நாங்கள் நகைத்தோம். பிறகு பார்த்தால், குதிகாலில் ஊசி தலைவரை இறங்கியிருந்தது; எப்போது இறங்கியதென்று அவருக்கே தெரியாது. மருத்துவர் ஊசியை எடுத்துவிட்டு இருமுறை கடிந்துகொண்டார்: வீட்டினுள் செருப்பின்றி நடந்ததற்கு ஒன்று, நாயின் நாவைப் புண்ணில் படவிட்டதற்கு மற்றொன்று. நீரிழிவு உள்ளவருக்கு அந்த உமிழ்நீரிலுள்ள கிருமிகளே போதுமாம், காலைப் பறிக்க. அன்றிலிருந்து இளையவர் வீட்டுக்குள்ளும் செருப்பு அணிகிறார். எங்கள் அன்னை இருந்திருந்தால் இதனைப் பொறுத்திருக்க மாட்டார். வேலை முடிந்ததும் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தரை முழுதும் இழுக்கிறோம். பொன்னி அதன்பின் நடந்து வருகிறாள்.

வீரனுக்கு நாங்கள் இழைக்கவிருந்த தீங்கு ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூட்டு வலியால் அவன் இரவில் முனகினான். மூத்தவர் எப்போதோ வாங்கி வைத்திருந்த இப்யூபுரூஃபன் மாத்திரையில் பாதியைச் சோற்றில் பிசைந்து கொடுக்க எண்ணினோம். வலி ஒன்றெனில் மருந்தும் ஒன்றுதானே என்பது எங்கள் அறிவு! சோறு ஆறுவதற்குள் கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டோம், அவர் அலறிவிட்டார். அம்மருந்து நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்றார். வேறு மருந்து எழுதித் தந்து, வழுக்கும் தரையில் சாக்கு விரிக்கச் சொன்னார். நாய் வைத்திருக்கும் இல்லத்தார் இதனை நினைவில் கொள்க.

மூத்தவரின் முடக்குவாத மருந்தும் விளையாட்டன்று. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டும். மறதியாய் நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே இடர். வியாழன் இரவு மாத்திரை, வெள்ளி முழுதும் குமட்டல். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் தையல் இல்லை.

நவம்பரில் பொத்தான்களைப் பற்றி எங்களுக்குள் வழக்கு மூண்டது. மேலங்கிக்குப் பன்னிரண்டு, உள்ளங்கிக்குப் பத்து. காஜா அனைத்தையும் கையாலேயே எடுப்பேன் என்று மூத்தவர் பிடிவாதம் பிடித்தார். நாளொன்றுக்கு இரண்டுக்கு மேல் அவர் விரல்கள் இசையா. மூன்றாவதைத் தொட்ட அன்று இரவெல்லாம் கை கனன்றது. "பிரஸ் பட்டன் வைத்துவிடு அக்கா, மேடையில் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார் இளையவர். "அந்தக் காலத்தில் பிரஸ் பட்டன் ஏது?" என்றார் மூத்தவர். "அந்தக் காலத்தில் உன் மாத்திரையும்தான் ஏது?" இரண்டு நாள் பேச்சில்லாமல் மிதித்தோம். தையல் என்னவோ நேராகவே வந்தது. பின்னர் ஒரு நூலில் வழி கிடைத்தது: அக்கால மேலங்கிகளை உள்ளங்கி தெரியும்படி பெரும்பாலும் திறந்தே அணிவார்களாம். எனவே மேலங்கியின் நடுவில் மூன்று காஜாக்களை மட்டும் உண்மையாகத் திறந்தோம். மற்றவை வெறும் நூல் வேலை. அதனை இளையவரே செய்தார். மூத்தவர் பார்த்துவிட்டுக் குறை ஒன்றும் சொல்லவில்லை.

தேவசகாயத்தை எருமைமேல் ஏற்றி ஊர்வலமாய் இழுத்துச் செல்லும் காட்சிக்கு எருமை வேண்டுமே. இரு சிறுவரை மூடும் கருந்துணி ஒன்று தைத்தோம். அது முடிந்த நாளிலேயே வீரன் அதன்மேல் ஏறிப் படுத்தான். கண்களில் நீலம் பாய்ந்து, பகல் எது இரவு எது என்று மயங்கிய நாள்கள் அவை. எழுப்ப மனம் வரவில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் அவன் உண்பதை நிறுத்தினான். சிறுநீரகம் செயலிழந்தது என்று மருத்துவர் சொன்னார். ஊசி போட்டு உறங்கச் செய்யலாம், அல்லது காத்திருக்கலாம். முடிவு உங்களுடையது என்றார். இளையவரின் கணவர் மறைந்ததும் அதே நோயால். ஆதலால் காத்திருப்போம் என்பார் என்று மூத்தவர் எதிர்பார்த்தார். மூன்றாம் இரவு, வீரனின் வாயைப் பஞ்சால் நனைத்துக்கொண்டே இளையவர் சொன்னார்: "அவருக்கு நோவு வந்தபோது எதற்காகப் பொறுக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். செபிப்பார், என் கையைப் பிடித்துக்கொள்வார். இவனுக்கு ஒன்றும் தெரியாது அக்கா. நாம் எதற்காகவோ அடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்." மறுநாள் பங்குத்தந்தையைக் கேட்டோம், விலங்கின் வேதனையை முடித்துவைப்பதில் குற்றமில்லை என்றார். மாலையில் மருத்துவர் இல்லத்துக்கே வந்தார். வீரனின் தலை மூத்தவரின் மடியில் இருந்தது. கோணிய அந்தக் கையால் அவனுடைய காதைத் தடவிக்கொண்டிருந்தார். அவன் மூச்சு நின்ற பிறகும் சிறிது நேரம் நிறுத்தவில்லை.

அந்தக் கருந்துணியிலேயே அவனைச் சுற்றி, கொல்லையில் முருங்கை மரத்தடியில் அடக்கம் செய்தோம். எருமைக்கு வேறு துணி வாங்கித் தைக்க வேண்டியதாயிற்று. நாள் குறைவு; ஒரு வெள்ளிக்கிழமைகூட மிதித்தோம்.

2023 சனவரி 14 அன்று நாடகம் நடந்தது. தளபதி மேடையேறியதும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தோள்கள் பின்னே வாங்க, நெஞ்சு நிமிர்ந்து நின்றார் அந்தக் கல்லூரி மாணவர். இடப்பக்க மடிப்பு ஒன்று சற்றே தொங்கியது எங்கள் இருவர் கண்ணிலும் பட்டது. வேறெவரும் கண்டதாகத் தெரியவில்லை.

அந்த மேலங்கி ஆண்டுதோறும் எங்களிடம் திரும்பி வருகிறது. தளபதியின் தோள் அகன்றுகொண்டே போகிறது. பக்கத் தையல்களில் ஒவ்வோர் அங்குலம் துணியை உள்ளே விட்டுவைத்திருந்தோம். இதுவரை அரை அங்குலம் பிரித்தாயிற்று. பொன்னிக்கும் இப்போது பின்னங்கால் இழுக்கிறது. பிரித்த நூலைப் பொறுக்கி முடிப்பதற்குள், தரையில் விரித்த மேலங்கியின்மேல் படுத்துவிடுகிறாள்.