வெந்நீர்ப் பாசி: சில குறிப்புகள்

பாசி என்றால் குளத்துப் படிக்கட்டுதான் நினைவுக்கு வருகிறது. நிழல், ஈரம், வழுக்கல். கை வைத்தால் தோல் உரிந்துவிடும் நீரிலும் அது வளரும் என்பதை மனசு சட்டென்று ஏற்பதில்லை. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளைப் பற்றிச் சில நாட்களாகப் படித்து வருகிறேன். அவ்வப்போது குறித்து வைத்தவை இவை.

*

எல்லோஸ்டோன் கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊற்றுக்கண்ணில் கொதிக்கும் நீர் வாய்க்காலில் ஓட ஓட ஆறுகிறது. கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றின் படத்தைப் பார்க்காதவர் குறைவு. சுமார் 110 மீட்டர் அகலம். நடுவில் நீலம், சுற்றிலும் மஞ்சள், ஆரஞ்சு, ஓரத்தில் செம்பழுப்பு. அந்த நீலம் வெறும் ஆழத்தின் நிறம். அந்தச் சூட்டில் வெயிலை உண்டு வாழும் உயிர் எதுவும் கிடையாது. மஞ்சளில்தான் அந்த வகை உயிர் தொடங்குகிறது.

கோடையில் ஆரஞ்சு தூக்கலாக இருக்கும். கடும் வெயிலிலிருந்து தப்பிக்கப் பாசி கரோட்டினாய்டு நிறமியைப் பூசிக்கொள்கிறது. குளிர்காலத்தில் பூச்சு குறைந்து பச்சை தலைகாட்டும்.

*

73 டிகிரி. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களுக்கு இதுதான் கூரை, ஒரு டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். அந்த விளிம்பில் நிற்பது சினெக்கோகாக்கஸ், ஒற்றைச் செல் குச்சி. 60-ஐ ஒட்டிக் கீழே வந்தால் மாஸ்டிகோகிளாடஸ், கிளைவிடும் இழை. உட்கரு உள்ள பாசிகள் 57-க்கு மேலே போவதில்லை. டயட்டம் என்ற பாசி வகை இன்னும் ஆறிய நீருக்குக் காத்திருக்கும். வாய்க்கால் கரையோரம் நடந்தால் ஒரு வெப்பமானியின் மேலே நடக்கிற மாதிரி.

*

பெயர்க் குழப்பம் தனிக் கதை. நம் பாடப்புத்தகத்து நீலப்பச்சைப் பாசி பாசியே இல்லை, பாக்டீரியா. சயனிடியம் என்று ஒன்று: பார்வைக்கு நீலப்பச்சை, குலத்தால் சிவப்புப் பாசி. ஸைகோகோனியம் என்று இன்னொன்று: பச்சைப் பாசி இனம், எல்லோஸ்டோனின் நோரிஸ் பகுதியின் அமில நீரில் ஊதா நிறத்தில் படர்ந்து கிடக்கிறது. நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தால் இப்படித்தான்.

*

நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக் 1964-ல் எல்லோஸ்டோனுக்குச் சுற்றுலாப் பயணியாகப் போனவர். வாய்க்கால் நிறங்கள் அவரைத் திரும்பத் திரும்ப இழுத்தன. 1966-ல் அவரும் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற மாணவரும் மஷ்ரூம் ஊற்றில் எடுத்த மாதிரியிலிருந்து தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவை வளர்த்தெடுத்தார்கள். அதன் நொதிதான் பின்னாளில் பிசிஆர் சோதனையின் உயிர்நாடியானது. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுக்கொண்ட நமக்கெல்லாம் அந்த ஊற்றோடு தொடர்பு உண்டு. பிசிஆருக்கான நோபல் 1993-ல் கேரி முல்லிஸுக்குப் போனது.

*

வாய்க்காலில் பாய்போல் படர்ந்திருக்கும் பாசிப்பாயை ஒரு துண்டு வெட்டிப் பார்த்தால்: மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பச்சை, அடியில் குளோரோஃப்ளெக்சஸ் என்ற ஆரஞ்சு நிற பாக்டீரியா. பகலில் உள்ளே ஆக்சிஜன் நிரம்பி வழியும். இருட்டினால் சிறிது நேரத்திலேயே தீர்ந்துபோகும்.

இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. மாஸ்டிகோகிளாடஸ் அதற்கென்று தடித்த சுவருள்ள தனிச் செல்களை வைத்திருக்கிறது. ஒற்றைச் செல் சினெக்கோகாக்கஸுக்குத் தனி அறை ஏது? ஒற்றை அறை வீட்டில் பகலில் கடை, ராத்திரி படுக்கை என்று வைத்துக்கொள்வோமே, அதுபோலப் பகலில் ஒளிச்சேர்க்கை, இருட்டில் நைட்ரஜன். அந்த மரபணுக்கள் அந்தி சாயும்போது விழித்துக்கொள்வதை 2006-ல் எல்லோஸ்டோனின் ஆக்டோபஸ் ஊற்றின் பாசிப்பாயில் கண்டார்கள்.

அதே ஊற்றில், 1990-ல் டேவிட் வார்டு குழுவினர் பாசிப்பாயின் மரபணுத் துணுக்குகளை நேரடியாகப் படித்தார்கள். கிடைத்தவை எதுவும் ஆய்வகங்களில் அதுவரை வளர்த்து வைத்திருந்த இனங்களோடு பொருந்தவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் ஒரே குச்சிதான்.

*

முதல் நாள் குறிப்பில் 'எல்லாம் சூட்டின் கணக்கு' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். மூன்று காரணங்களால் அதை அடிக்க வேண்டியதாயிற்று.

அமிலம்: pH 4-க்குக் கீழே நீலப்பச்சை இனம் எதுவும் இல்லை என்று 1973-ல் பிராக் எழுதினார். சூடு தோதாக இருந்தும் இல்லை. அமிலச் சூட்டில் 57 வரை சயனிடியத்தின் ராஜ்ஜியம்.

வாய்: ஆரிகனில் ஹண்டர்ஸ் ஊற்று. கடுகைவிடச் சின்ன ஓட்டுப்பூச்சி, பெயர் பொட்டமோசிப்ரிஸ், அங்கே பாசியை மேய்கிறது. அந்தப் பூச்சியால் தாங்க முடிந்தது ஏறக்குறைய 49 டிகிரி. அந்தக் கோட்டுக்கு மேலே பாசிப்பாய் கொழுத்துக் கிடக்கிறது. கீழே மென்பாசி காலி, தோல்போல் கெட்டியான இனங்கள்தான் மிச்சம். விக்ஸ்ட்ராம், காஸ்டன்ஹோல்ஸ் என்ற ஆய்வாளர்கள் எழுபதுகளில் இதைக் காட்டினார்கள். கொதிக்கும் பக்கம் பாசிக்குப் புகலிடம்!

தூரம்: நுண்ணுயிர்கள் காற்றேறி எங்கும் போய்ச் சேரும், தோதான இடத்தில் முளைக்கும் என்பது பழைய நம்பிக்கை. ஆனால் ஐஸ்லாந்தில் அத்தனை வெந்நீர் இருந்தும் 73 டிகிரி வரை ஏறும் சினெக்கோகாக்கஸ் இல்லை. அங்கே 64 வாக்கில் பச்சை நின்றுவிடுகிறது, முன்வரிசையில் மாஸ்டிகோகிளாடஸ். வட அமெரிக்கா, ஜப்பான், நியூசிலாந்து, இத்தாலி ஊற்றுகளை ஒப்பிட்ட 2003-ஆம் ஆண்டு ஆய்வு, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதனதன் சினெக்கோகாக்கஸ் வம்சம் இருப்பதாகச் சொன்னது. கடல் தாண்டுவது அதற்கும் சுலபமில்லை போலும்.

*

இமாச்சலத்தின் மணிகரண் போகிறவர்கள் குருத்வாராவில் ஊற்று நீரில் அரிசி வேகிறதைப் படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை அந்த நீர் வழிந்தோடும் பக்கமும் கொஞ்சம் நடந்து பாருங்கள். கையில் ஒரு வெப்பமானி இருந்தால், முதல் பச்சை தெரியும் இடத்தில் எத்தனை டிகிரி என்று குறித்துக்கொள்ளுங்கள். பாசியின் மேல் மட்டும் கால் வைக்க வேண்டாம்.