காத்திருப்போர் பட்டியல்

சிறிய கார்களுக்குரிய ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவிகிதமாகக் குறைந்ததல்லவா? நாகபுரியில் வசிக்கும் எங்களுக்கு அப்பொழுதுதான் துணிவு வந்தது. முழங்கால் வலியால் அவதியுறும் என் தாயாரை ஸ்கூட்டரில் ஏற்றி இறக்குவது இனி இயலாது.

விற்பனை நிலையத்தில் தேநீரும் புன்னகையும் தாராளமாகக் கிடைத்தன. நாங்கள் விரும்பிய வண்டிக்கு மட்டும் நான்கு மாதம் காத்திருக்க வேண்டுமாம். பிறகு அவ்விளைஞர் குரலைத் தாழ்த்தி, “30,000 ரூபாய்க்கு உபரிச் சாமான்கள் எடுத்துக்கொண்டு, இன்ஷ்யூரன்ஸையும் எங்களிடமே செய்துகொண்டால் அடுத்த வாரமே தரலாம்” என்றார்.

புதுக் காருக்கு மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுக்க வேண்டுமென்பது 2018 செப்டம்பர் முதல் வந்த விதி. எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பதோ வாங்குபவரின் விருப்பம். இதைச் சொன்னேன்.

“அப்படியானால் வரிசையில் காத்திருங்கள்” என்றார்.

வரிசையைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்! ரயில்வே முன்பதிவு ஜன்னலில் அமர்ந்து நாள்தோறும் எத்தனையோ பேரைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கிறேன், ஏச்சும் வாங்குகிறேன். ஆயினும் அவரவர் எண்ணை டிக்கெட்டிலேயே அச்சிட்டுத் தருகிறோம். “என் எண் என்ன? எழுதித் தாருங்கள்” என்றேன். அவர் மானேஜரைப் பார்த்தார். மானேஜர் கூரையைப் பார்த்தார். விலைப் பட்டியலிலிருந்த ‘கையாளும் கட்டண’த்தைச் சுட்டி, “எதைக் கையாண்டீர்கள்?” என்று என் மனைவி வினவியதற்கும் விடை இல்லை.

முன்பணம் கொடாமல் எழுந்துவிட்டோம். வேறோர் ஊர் விற்பனையாளர் ஐந்து மாதம் என்று எழுத்திலேயே கொடுத்தார். சக்கரத்தடியில் வைப்பதற்கென்று அம்மா வாங்கிய எலுமிச்சம்பழங்கள் ஊறுகாயாயின.