கிளிக்கும் மனம் உண்டு

என் தாயார் காலமாகி ஓராண்டு ஆகிறது. பால்மரம் சீவியே எங்களை ஆளாக்கியவர். மேருவில் எங்கள் வீட்டு முன்வாசலில் அவர் வளர்த்த கிளிதான் மீனா. அந்தி சாய்ந்ததும், "தம்பி, சாப்பிட்டியா?" என்று அம்மாவின் குரலிலேயே கேட்கும். 12 ஆண்டுகளாக அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் சாப்பிட உட்காருவேன்.

அம்மா போனபின் மீனா பேச்சை நிறுத்திவிட்டது. சில வாரங்களில் தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கத் தொடங்கியது.

"தனியா கிடந்து ஏங்குதுங்க. துணைக்கு ஒண்ணு வாங்கி விடுங்க" என்றாள் என் மனைவி.

கிள்ளானில் ஒரு கடையில், கூண்டிலேயே பொரித்து வளர்ந்த இளங்கிளி ஒன்றை வாங்கினேன். பத்திரத்தையும் கேட்டு வாங்கினேன். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவைகளை வைத்திருக்கப் பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும் அல்லவா? புதியவனுக்கு ராஜா என்று பெயரிட்டோம்.

சிறுவயதில் பிரிக்பீல்ட்ஸ் அஞ்சடியில் கிளி ஜோசியம் பார்த்து வளர்ந்தவன் நான். கூண்டைத் திறந்தால் கிளி நடந்து வரும், சீட்டை எடுக்கும், திரும்பிப் போகும். கிளி என்றால் சொன்னபடி கேட்கும் பிறவி என்றே நினைத்திருந்தேன். சீட்டு எடுத்ததும் கிடைக்கும் ஒரு நெல்மணிக்காக, பல நாள் பழக்கத்தால் அது வருகிறது என்பதை யோசித்ததே இல்லை.

ராஜா என் கையைக் கண்டாலே மூலையில் ஒட்டிக்கொண்டு கத்தியது. "ஒரு வேளை பட்டினி போடுங்க சார், தானா வழிக்கு வரும்" என்றார் தெரிந்தவர் ஒருவர். அப்படியே செய்தேன். விரலில் கடி வாங்கியதுதான் மிச்சம். மூன்றாம் நாள், 'இரண்டும் கிளிதானே' என்று மீனாவின் கூண்டுக்குள் ராஜாவை விட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. தன் வீட்டைக் காக்க மீனா பாய்ந்தது. பயத்தில் ராஜா கடித்தது. பிரித்தெடுத்தபோது மீனாவின் கால்விரலில் ரத்தம். அம்மாவின் குரல் மிச்சமிருந்த ஒரே இடத்தை நானே காயப்படுத்திவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

மிருக வைத்தியர் காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு, "புதுப் பறவையைக் குறைந்தது 30 நாளாவது வேறு அறையில் வைக்கணும், சார்" என்றார். கிளிகள் நோயை வெளியே காட்டாதாம். கிளிக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. காய்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசித்தால் மனிதருக்கும் தொற்றுமாம்.

ராஜாவைப் பின்னறைக்கு மாற்றினேன். தினமும் மாலையில் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களை எடுத்துப்போய், கூண்டருகே உட்கார்ந்து திருத்தினேன். ராஜாவை உற்றுப் பார்ப்பதில்லை. இரையைப் பிடிக்கும் பிராணிதான் அப்படி முறைக்கும். தலைக்கு மேலே கை ஓங்குவதில்லை. இறகை ஒடுக்கி உடம்பை ஒல்லியாக்கினால் பயம் என்று அர்த்தம். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வேன். இறகை உப்பி ஒரு முறை சிலிர்த்தால் நிம்மதி. கொய்யாத் துண்டை முதலில் தட்டில் வைத்தேன். பிறகு கம்பியில் செருகினேன். பிறகு விரல் நுனியில் நீட்டினேன். 19ஆம் நாள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டது.

இரண்டையும் பழக்க வழிகாட்டியது அமெரிக்காவின் அலெக்ஸ் என்ற சாம்பல்நிறக் கிளியின் கதை. ஐரின் பெப்பர்பெர்க் என்ற விஞ்ஞானி அதை 1977இல் வாங்கினார். அவர் கிளியை நேரே வற்புறுத்தவில்லை. அதன் முன்னால் ஒருவர் ஒரு பொருளைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்பார்; மற்றவர் சரியாகச் சொன்னால் அந்தப் பொருளையே கொடுப்பார். பார்த்துப் பார்த்தே அலெக்ஸ் கற்றுக்கொண்டது. 1995இல் கிரிஃபின் என்ற இளங்கிளி அங்கு வந்து சேர்ந்தது.

நானும் அதையே செய்தேன். 30 நாள் கழிந்தபின் கூண்டுகளை எட்ட எட்ட வைத்து, முதலில் மீனாவுக்குக் கையால் ஊட்டுவேன், ராஜா பார்த்துக்கொண்டிருக்கும். பெரியவளுக்கு முதல் மரியாதை! வாரத்துக்கு ஒரு முழம் நெருக்கினேன். பிறகுதான் சன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு கம்பில், இரண்டு கிண்ணம் வைத்து வெளியே விட்டேன். சண்டை இல்லை. இரவில் இன்னமும் தனித்தனிக் கூண்டுதான்.

இதற்கிடையே என் வகுப்புக்கு, வேறு தோட்டத்திலிருந்து ஆண்டின் நடுவில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். வாயே திறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்றால் அதட்டியிருப்பேன். இம்முறை அவனைக் கேள்வி கேட்காமல், பக்கத்துப் பையனைக் கேட்டேன். மூன்றாம் வாரம் அவனே கை தூக்கினான்.

போன வெள்ளிக்கிழமை அந்தி நேரம். உள்ளே மனைவி விளக்கேற்றிக் கொண்டிருந்தாள். வாசலிலிருந்து அந்தக் குரல் வந்தது: "தம்பி, சாப்பிட்டியா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். மீனா என் பக்கம் திரும்பவே இல்லை. ராஜாவின் கூண்டைப் பார்த்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.