இரண்டு விலக்குகள்

விலக்கு என்ற சொல் சட்டத்திலும் இருக்கிறது, வீட்டிலும் இருக்கிறது. சட்டத்தில் அது சலுகை. வீட்டில் அது மூன்று நாள் தள்ளிவைப்பு.

நான் காசிமேட்டுக்காரி. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், இங்கே விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக்கூடாது. கட்டுமரத்துக்கு அந்தத் தடை கிடையாது. என் தாத்தாவிடமும் கட்டுமரம் இருந்தது. நான் வயதுக்கு வந்ததும் ஆயா சொல்லிவிட்டார்: "அந்த மூணு நாளு மரத்துப் பக்கம் போவாத, வலையத் தாண்டாத." மரத்துக்குக் கிடைத்த விலக்கு வேறு, எனக்குக் கிடைத்த விலக்கு வேறு.

திருவொற்றியூரிலிருந்து வரும் என் மாணவி ஒருத்திக்கு கிளைடர் ஓட்ட ஆசை. "அந்த நாள்ல என்னடி பண்ணுவ?" என்று அவள் அம்மா கேட்டாராம். அவளுக்காக விதிகளைத் தேடிப் படித்தேன்.

கிளைடர் இயந்திரமில்லாமல், மேலெழும் வெப்பக் காற்றைப் பிடித்து மிதக்கிற விமானம். வானத்துக் கட்டுமரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அதை ஓட்டவும் உரிமம் வேண்டும். அமெரிக்காவிலும் வேண்டும்; 14 வயதிலேயே பயிற்சி உரிமம் தருகிறார்கள். ஆனால் அங்கே கிளைடர் ஓட்டிகளுக்கு மருத்துவச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. பாதுகாப்பாக ஓட்டவிடாத குறை தன் உடம்பில் இருப்பது தெரிந்தால் ஓட்டக்கூடாது, அவ்வளவுதான். அதை அறிந்து சொல்ல வேண்டியவர் ஓட்டுபவரே.

பெண்களின் உடம்பை இப்படி யாரும் எளிதில் நம்பிவிடவில்லை. 1924இல் பன்னாட்டு வான்பயண ஆணையம் பெண்களுக்கு வணிக விமானி உரிமம் கூடாது என்றது. மாதவிடாயையும் காரணம் காட்டினார்கள். அயர்லாந்துக்காரரான, பின்னாளில் லேடி ஹீத் என்று அறியப்பட்ட பெண் விமானி, மாதத்தின் எந்த நாளிலும் தன்னால் பறக்க முடியும் என்று வாதாடினார். 1926இல் தடை நீங்கியது. பத்து ஆண்டு கழித்து, 1936இல், லாகூரில் சரளா தக்ரால் சேலை கட்டிக்கொண்டே தனியாக விமானம் ஓட்டினார். அப்போது அவருக்கு 21 வயது, கையில் ஒரு பெண் குழந்தை.

எல்லா நாளும் எங்களால் முடியும் என்று நிரூபித்துக்கொண்டே இருப்பதும் அலுப்புதான். வயிற்று வலியில் சுருண்டு கிடக்கும் நாளில் விமானம் வேண்டாம், வகுப்பும் வேண்டாம். அந்த விலக்கு எங்களுக்குத் தேவை. ஆனால் அதை ஆயாவோ ஆணையமோ தரக்கூடாது. "இன்னிக்கு முடியல" என்பதும் "இன்னிக்குப் பறக்கிறேன்" என்பதும் அந்தப் பெண்ணின் வாயிலிருந்தே வரவேண்டும்.