ரிச்சி தெருவில் ஒரு பகல்

சென்னை அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கிறது ரிச்சி தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடைதூரம்தான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், முக்கால்வாசிக் கடை மூடியிருக்கும். தலைக்கு மேலே ஒயர் பந்தல். நடுவே அட்டைப்பெட்டிகளைச் சுமந்தபடி "ஓரம், ஓரம்" என்று ஓடுகிறவர்கள்.

விளையாட்டுக்கென்றே ஒரு கம்ப்யூட்டரைத் தானே பூட்ட வேண்டும் என்று என் பையனுக்கு ஆசை. சீட்டு எடுத்த ஒன்றரை லட்சம் என் கைப்பையில்!

ஜாதகப் பொருத்தம் மாதிரிதான் இதுவும். பிராசஸரும் மதர்போர்டும் ஒரே சாக்கெட்டாக இருக்க வேண்டும். ஏஎம்5 போர்டு என்றால் டிடிஆர்5 ராம்தான் ஏறும். பழைய டிடிஆர்4 உதவாது. பணத்தில் பெரும்பங்கை விழுங்குவது கிராபிக்ஸ் கார்டு. எங்களுக்குக் காட்டியது ஓரடி ஸ்கேல் நீளம்! கேபினெட்டுக்குள் நுழையுமா என்று அளந்துதான் வாங்கினோம்.

பையன் கண்ணெல்லாம் கலர் விளக்கெரியும் கண்ணாடிப் பெட்டி மேல். அதற்காகப் பவர் சப்ளையில் இரண்டாயிரம் குறைக்கலாம் என்றான்.

"தம்பி, அதுல மட்டும் கை வைக்காதே. அது போனா மத்த சாமானையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்" என்றார் கடைக்காரப் பெரியவர்.

வோல்டேஜ் ஏறி இறங்கி எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் பட்ட பாடு எனக்குத் தெரியாதா? அவர் பக்கம்தான் நின்றேன். 750 வாட்ஸ், 80 பிளஸ் கோல்டு முத்திரை. மின்சாரம் சூடாக வீணாவது இதில் குறைவு. பையன் முகம் சுருங்கிப் போயிற்று. சாதாரணப் பெட்டிதான் வாங்கினோம்.

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாரண்டிக்கு அதுதான் கேட்பார்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் நகர்ந்துவிடுங்கள்.

மானிட்டர் பார்க்க நரசிங்கபுரம் தெருவுக்குள் திரும்பும்போதுதான் பிள்ளை வாயைத் திறந்தான்: "அம்மா, பசிக்குது."