நிற்கப் பழகிய மோரிஸ்

காலை ஏழு மணி. மலாக்காவில் இன்னும் இருட்டு. எங்கள் நாமக்கல்லில் இந்நேரம் பால்காரர் வந்துபோய், லாரிப் பட்டறைகளில் சுத்தியல் சத்தமே கிளம்பியிருக்கும். இங்கே சூரியனுக்கே சோம்பல். ஆனால் வெக்கைக்குச் சோம்பல் இல்லை. குளித்துத் துவட்டிய கையோடு மறுபடி வேர்க்கிறது.

“மாப்ள, பசியாறிட்டிங்களா?” என்றார் மாமா. என் மனைவிக்குப் பெரியப்பா முறை. “இன்னும் பசியே வரலையே மாமா” என்று உண்மையைச் சொன்னேன். அவர் விழித்தார், நானும் விழித்தேன். இந்த ஊரில் பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடாம்! ரொட்டி சானாயையும் நுரை தள்ளிய தே தாரேக்கையும் முடித்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

கிளம்பும் முன் பொய்யாத விநாயகரைக் கும்பிட வேண்டும் என்றார். 1781-இல் எழுந்த கோயில். தட்டார் தெரு என்று நாம் சொல்லக்கூடிய ஜாலான் துக்காங் எமாஸில், பழைய வீடுகளுக்கு நடுவே அடக்கமாக இருக்கிறது. அங்கே ஒரு பாட்டியம்மா சரோங்கும் கெபாயாவுமாக நின்று, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் மலாயில் பேசினார். மலாக்காச் செட்டி வம்சமாம். சாமி நம் சாமி, பூசை நம் பூசை, பேச்சு மட்டும் மலாய்! வாயைப் பிளந்து நின்ற என்னை மாமா கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியதாயிற்று.

வாசலில் நின்றது அவருடைய ‘காடி’. கார் என்று சொன்னால் அவருக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. கரும்பச்சை நிற மோரிஸ் மைனர், 1960-ஆம் வருடத்தது, 948 சிசி. ஆமை முதுகு, தவளைக் கண், எம் என்று தொடங்கும் மலாக்கா எண் பலகை. மாமாவின் அப்பா அசகான் பக்கத்துத் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கர். துரை சீமைக்குத் திரும்பும்போது அவருக்கு விற்றுவிட்டுப் போன வண்டி. எனக்கோ அது தூரத்துச் சொந்தம் போலிருந்தது. நம் அம்பாசடர் இதே மோரிஸ் குடும்பத்து ஆக்ஸ்போர்டின் வாரிசுதானே. இந்த மைனரைக்கூட 1950-களில் ‘பேபி இந்துஸ்தான்’ என்ற பெயரில் நம் நாட்டில் செய்திருக்கிறார்கள்.

சொந்தம் என்பதற்காக உயிரைக் கொடுக்க முடியுமா? ஜாசின் போகும் சடக்கில் பெம்பானைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழை மேகம் காட்டி, காற்று காட்டி, மண்வாசம் காட்டி வரும். இது குடத்தைக் கவிழ்த்த மழை. முன்னால் போன லோரி வேகம் குறைத்தது. மாமா பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றதோ இல்லையோ, இடது பக்கமாக ஓரங்கட்டியது. என் வலது கால் தரைவிரிப்பைத் துளைத்துவிடும்போல அழுத்திக்கொண்டிருந்தது.

“உங்க பக்கம் பிரேக் இல்ல மாப்ள. கால எடுங்க.”

இந்தக் குறையைத் தீர்க்க, முன்சக்கரத்து டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றத்தான் நாங்கள் ஜாசின் போய்க்கொண்டிருந்தோம். “போமன் காத்திட்டிருப்பாரு” என்று மாமா சொல்லிக்கொண்டே வந்தார். போமன் யாரோ சீனப் பெரியவர் என்று நினைத்தேன். தகரக் கொட்டகைக்குள்ளிருந்து சிரித்தபடி வந்தவர், முறுக்கு மீசை வைத்த தமிழர். ஃபோர்மேன் என்ற சொல்தான் இங்கே தேய்ந்து போமன் ஆகியிருக்கிறது. நம் ஊரில் மெக்கானிக் என்கிறோமே, அவர்.

கொட்டகைக்குள் பிரேக் எண்ணெய் வாடை, துருவின் வாடை, எங்கிருந்தோ காற்றில் வரும் செம்பனை ஆலையின் இனிப்பு கலந்த புளிப்பு வாடை. சக்கரத்தைக் கழற்றி டிரம்மை உருவினார். உள்ளே இருந்த தூசியை நான் ஊதப் போனேன். “ஊதாதீங்க! பழைய லைனிங்ல அஸ்பெஸ்டாஸ் இருக்கும்” என்று ஈரத்துணியால் துடைத்தார். பிறகு பாடம். டிரம்முக்குள் இரண்டு ஷூக்கள் வெளிப்பக்கமாக விரிந்து அணைக்கின்றன. சுழலும் டிரம்மே ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்வதால் கால் பலம் குறைவாகவே போதும். ஆனால் இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகிவிடும், பெடல் பள்ளத்தில் இறங்கும். ஒரு பக்க டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் வண்டி மறுபக்கம் இழுக்கும். டிஸ்க் அப்படியில்லை. வெட்டவெளியில் சுழல்கிறது, சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கிறது, தண்ணீரை உதறுகிறது. இரண்டு பக்கமும் பேட் கவ்வுகிறது. என்ன, தானே இறுக்கிக்கொள்ளும் வித்தை அதற்குத் தெரியாது. அதனால் ஒரு பூஸ்டரும் சேர்க்க வேண்டும்.

டிஸ்க்கும் காலிப்பரும் ஏதோ ஜப்பான் காரிலிருந்து ‘கெடாய் போத்தோங்’கில் வாங்கியவை. வண்டிகளை வெட்டி விற்கும் கடை. கேட்கும்போதே கசாப்புக் கடை ஞாபகம் வந்தது எனக்கு. மைனரின் நான்கு போல்ட்டுகள் நிற்கும் வட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீட்டர். ஜப்பான் டிஸ்க்கில் 100. வித்தியாசம் 1.6 மில்லிமீட்டர்தான்! எங்கள் ஊராக இருந்தால் ‘தட்டினா ஏறிடும்’ என்று சுத்தியலைத் தேடியிருப்பார்கள். இவர் போன வாரமே லேத்தில் கொடுத்துப் புதிதாகத் துளை போட்டு, காலிப்பர் தாங்கியையும் கடைந்து வைத்திருந்தார். பின்சக்கரத்து டிரம்களைத் தொடவில்லை. ஹேண்ட் பிரேக் அங்கேதான் இருக்கிறது.

மாஸ்டர் சிலிண்டர் எங்கே என்று பானெட்டுக்குள் தேடினேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஓட்டுநரின் காலடி விரிப்பைத் தூக்கினால், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது! பிரித்த சாமான்களிலிருந்து சின்ன ரப்பர்க் கிண்ணம் ஒன்றை மாமா உள்ளங்கையில் எடுத்துவைத்தார். “பழசு. கித்தா. எங்கம்மா வெட்டின பாலா இருக்கும்” என்று கண்ணைச் சிமிட்டினார். எஞ்சின் எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டாலும் இது உப்பிப் போகுமாம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. 1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற ஜாகுவாருக்கு டிஸ்க் பிரேக் செய்து கொடுத்தது டன்லப். அதே டன்லப்புக்கு இந்த மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. நம்மவர்கள் விடியுமுன் பிரட்டு எனும் ஆள்கணக்குக்கு நின்று பால் வெட்டிய கம்பெனியின் பிரேக், ஜாகுவாருக்கு உடனே கிடைத்துவிட்டது. கிராணி வீட்டு மைனருக்கு இன்றுதான் வருகிறது, அதுவும் ஜப்பானைச் சுற்றிக்கொண்டு. சொன்னேன். போமன் ஸ்பேனரை நிறுத்தி என்னைப் பார்த்தார். “லேட்டா வந்தாலும் வந்துச்சு லா” என்று மறுபடி குனிந்துகொண்டார்.

வாழையிலைச் சோறு உண்டு, காற்றை வெளியேற்ற நான் பெடலை மிதிக்க, அவர் கீழே படுத்து நிப்பிளைத் திறந்து மூட, மணி நான்கு. ஓட்டிப் பார்த்தோம். இரண்டு கிலோமீட்டருக்குள் கருகல் வாடை. முன்சக்கரத்தைத் தொட்ட மாமா கையை உதறினார். போமன் கோபப்படவில்லை, தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். டிரம்முக்காக லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் பழைய வால்வு மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே இருந்துவிட்டதாம். ஷூவை இழுத்துக்கொள்ள டிரம்முக்குள் ஸ்பிரிங் உண்டு, பேடுக்குக் கிடையாது. அதனால் அது டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய வால்வைக் கழற்றி, மென்மையான வேறொன்றைப் பொருத்தினார். சிலிண்டர் காலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால், எண்ணெய் கீழே வடிந்துவிடாமல் இருக்க இது தேவை. இதற்குப் பிறகு ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் காகித வேலை தனி என்று மாமா பெருமூச்சு விட்டார்.

சாயங்காலம் அசகான் சடக்கு. எதிரே மேகத்தை முண்டாசாகக் கட்டிய குனோங் லேடாங், 1,276 மீட்டர். இரண்டு பக்கமும் செம்பனை. 1896-இல் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் நட்ட ரப்பர்தான் மலாயாவின் தோட்டத் தொழிலுக்குத் தொடக்கம். அடுத்து அவர் பெரிய அளவில் நட்டது இந்த புக்கிட் அசகானில். இப்போது தேடினாலும் பால்மரம் கண்ணில் படுவது அரிது. தொழிலாளர் குடியிருந்த லயம் இருந்த இடம் என்று மாமா காட்டிய இடத்தில் ஒரு மாமரம் மட்டும் நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டே வந்தவர் திடீரென்று மிதித்தார். வண்டி இப்படியும் அப்படியும் போகவில்லை. கோடு கிழித்தது போல நேராக நின்றது. என் நெற்றிதான் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்வந்தது. முன்னால், ஆள் நீளத்துக்கு ஒரு பியாவாக், நம் உடும்பின் பெரியண்ணன், சடக்கின் நடுவே நின்று நாக்கை நீட்டி எங்களைப் பார்த்தது.

“இவ்ளோ வெள்ளி செலவு பண்ணுனது இவருக்காகத்தான்போல” என்றார் மாமா.

அது அவசரப்படவே இல்லை. வாலை இழுத்துக்கொண்டு மெதுவாகச் செம்பனைக்குள் இறங்கியது.